வவுச்சருக்கு இரண்டு கையெழுத்து, ஆன்டிபயாடிக்குக்கு?

(நம் சங்கத்தின் நவம்பர் மாதக் கூட்டத்தில் பேசியது. வர முடியாதவர்களுக்காக எழுதித் தந்திருக்கிறேன். கூட்டத்தில் விட்டுப்போன சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, வழக்கம்போல ஏதாவது வங்கி விஷயம் பேசச் சொன்னார். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீர்கள், நாமினி பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள் என்று போன இரண்டு தடவையும் சொல்லியாகிவிட்டது. இந்தத் தடவை மாத்திரை பற்றிப் பேசுகிறேன் என்றேன். "நீங்க என்ன சார், டாக்டரா?" என்று சிரித்தார். இல்லைதான். பி.காம். படித்து, 1983-ல் வங்கியில் சேர்ந்து, 2019-ல் ஓய்வு பெற்ற கிளார்க். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் தெரியாத எனக்கு ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரையை வாங்கி, அதை இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரம் எப்படி வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. உங்கள் வீட்டிலும் இருக்கும். மிச்சம் மீதி மாத்திரைகள் எல்லாம் அதில்தான். சளி பிடித்தால் அஸித்ரோமைசின், மூன்று நாள். வயிறு போனால் ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் சேர்ந்த மாத்திரை. பல் வலித்தால் அமாக்ஸிசிலின் இரண்டு. டப்பாவில் இல்லையென்றால் மெடிக்கலில் போய்ப் பேர் சொன்னால் போதும், சீட்டு வேண்டாம். இரண்டு நாளில் சரியாகிவிட்டால் மீதியை டப்பாவில் போட்டுவிடுவேன். வீணாக்கக் கூடாது அல்லவா? கணக்குப் பிள்ளை புத்தி. என் மனைவிக்கும் பல வருடம் இந்த வைத்தியத்தைத்தான் செய்தேன்.

2022-ல், ஐப்பசி மழை சமயம். அவருக்குக் குளிர் காய்ச்சல், சிறுநீர் போகும்போது கடுப்பு, இடுப்புக்கு மேலே முதுகில் வலி. உள்ளூரில் காட்டினோம். ஐந்து நாள் மாத்திரை. காய்ச்சல் குறைந்த மாதிரி இருந்து திரும்ப வந்தது. வேறு மாத்திரை. அதற்கும் அடங்கவில்லை. நடுவில் ஒரு நாள் டப்பாவிலிருந்து நானே ஒன்று எடுத்துக் கொடுத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாவது நாள் நடக்கவே தள்ளாடினார். மொரப்பூரில் ரயில் ஏற்றி சேலத்துக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே சிறுநீரை கல்ச்சர் சோதனைக்கு எடுத்தார்கள். மூன்றாம் நாள் வந்த அறிக்கையில் ஒரு பட்டியல். இடப்பக்கம் மருந்துகளின் பெயர், வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும், 'ஆர்' என்றால் கட்டுப்படாது. மேலிருந்து கீழே ஆர், ஆர், ஆர், ஆர். என் டப்பாவில் இருந்த அத்தனை பெயருக்கும் நேரே ஆர். கடைசியில் சில ஊசி மருந்துகளுக்கு மட்டும் எஸ். எர்டாபெனம் என்ற ஊசி, தினம் ஒன்றாக ஏழு நாள். ஒரு நாள் ஊசியின் விலை 1983-ல் நான் வாங்கிய முதல் மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

அந்த டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். "ஐயா, போன ரெண்டு மூணு வருஷத்துல அம்மாவுக்கு என்னென்ன ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தவர், பாதியில் பேனாவை மூடிவிட்டார். திட்டவில்லை. "இதனாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுங்க ஐயா. இந்த மாதிரி கிருமி இப்போ ஊர்லயே பரவிக் கிடக்கு. ஆனா இது உதவியா இருந்திருக்காது" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மனைவி பிழைத்துக்கொண்டார். இதோ முன் வரிசையில் உட்கார்ந்து, இதையெல்லாம் ஏன் ஊருக்குச் சொல்கிறீர்கள் என்பதுபோல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் படிக்க ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரம்தான் நிறைய இருக்கிறதே.

பென்சிலினை 1928-ல் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945-ல் நோபல் பரிசு வாங்கினார். அந்த மேடையிலேயே ஓர் எச்சரிக்கை கொடுத்தார். ஒருவருக்குத் தொண்டை வலி. தானே பென்சிலின் வாங்கிச் சாப்பிடுகிறார், ஆனால் போதாத அளவில். கிருமி சாகவில்லை, மருந்தைத் தாங்கப் பழகிவிட்டது. அது அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. மனைவிக்கு நிமோனியா. பென்சிலின் கொடுத்துப் பார்க்கிறார்கள், கேட்கவில்லை. மனைவி இறந்துபோகிறார். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு, கணவன்தான் என்று அவரே பதிலும் சொல்கிறார். நான் பிறப்பதற்குப் பதினான்கு வருடம் முன்பு, ஸ்வீடனில் இருந்துகொண்டு, என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார் மனிதர்! ராத்திரி பத்தரை மணிக்கு அதைப் படித்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை. எழுந்து போய் டப்பாவைக் காலி செய்தேன்.

இனி வங்கிக்கு வருகிறேன். வராமல் என்னால் பேச முடியாது.

நான் சேர்ந்தபோது ஒரு வவுச்சரை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒரே ஆள் இரண்டையும் செய்யக் கூடாது. சின்னத் தொகை காசோலையை கவுன்டரிலேயே பாஸ் செய்யலாம். கொஞ்சம் பெரியது என்றால் ஆபீசர். அதற்கும் மேல் என்றால் மேனேஜர். பணப் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கத் தனிப் பயிற்சி. புதுச் சுற்றறிக்கை வந்தால் படித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இவ்வளவும் எதற்கு? வெறும் காகிதப் பணத்துக்கு. தொலைந்தால் திரும்பச் சம்பாதித்துக்கொள்ளலாம்.

மருந்திலும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியம். உலக சுகாதார நிறுவனம் 2017-ல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வரிசையாகப் பிரித்தது. முதல் வரிசை, சாதாரணத் தொற்றுகளுக்கு முதலில் எடுக்க வேண்டியவை: அமாக்ஸிசிலின், டாக்சிசைக்ளின் போன்றவை. அது நம் கவுன்டர். இரண்டாம் வரிசை, கிருமி சீக்கிரம் பழகிவிடும் ஆபத்து உள்ளவை, கண்காணித்துக் கொடுக்க வேண்டியவை: அஸித்ரோமைசின், செஃபிக்ஸிம், சிப்ரோஃபிளாக்சசின். அது ஆபீசர் மேசை. மூன்றாம் வரிசை, வேறு வழியே இல்லாதபோது மட்டும்: கொலிஸ்டின், லினிஸோலிட். அது இரட்டைச் சாவிப் பெட்டகம்.

நம் நாட்டில் தனியார் துறை விற்பனையில் என்ன நடக்கிறது என்று 2019-ஆம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, 2022-ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வந்தது. முதல் வரிசை மருந்து 27 சதவீதம்தான். இரண்டாம் வரிசை 54.9 சதவீதம். அதிகம் விற்ற மாத்திரை எது தெரியுமா? அஸித்ரோமைசின் 500. என் டப்பாக்காரர்! அதாவது கவுன்டரில் யாரும் நிற்பதில்லை, எல்லோரும் நேரே ஆபீசர் மேசைக்கே போய்க் கொண்டிருக்கிறோம். முதல் வரிசைப் பங்கை உலக அளவில் 2030-க்குள் 70 சதவீதமாக ஆக்க வேண்டும் என்று 2024 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தில் இலக்கு வைத்திருக்கிறார்கள்.

சரி, எழுதித் தருகிறவர்களுக்கு இதில் என்ன பயிற்சி? இங்கேதான் நான் அதிகம் படித்தேன், அதிகம் வருத்தப்பட்டதும் இங்கேதான்.

இங்கிலாந்தில் 2013-லேயே, ஆன்டிபயாடிக் எழுதும் எவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தகுதிப் பட்டியல் போட்டார்கள். தொற்று பரவாமல் தடுப்பது, கிருமி எப்படி மருந்தை எதிர்க்கிறது, எப்படி எழுதுவது, மருந்தை எப்படிக் காத்து வைப்பது, கடைசியாகத் தான் எழுதியதைத் தானே திரும்பிப் பார்த்துக் கற்பது. அந்த ஐந்தாவது எனக்கு மிகவும் பிடித்தது. வங்கியில் அதற்குப் பெயர் ஆடிட். அங்கே மருத்துவமனைகளில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் என்ன காரணத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் சோதனை முடிவைப் பார்த்து, நிறுத்துவதா, மாற்றுவதா, தொடர்வதா என்று முடிவெடுக்க வேண்டும். தவணைத் தேதி போடாத கடன் கிடையாது என்பது மாதிரி.

2018-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளுக்குமாக ஒரு தகுதிச் சட்டகம் வெளியிட்டது. அது டாக்டர்களுக்கு மட்டுமல்ல. நர்ஸ், மருந்தாளுநர், சோதனைச்சாலைப் பணியாளர், நிர்வாகம் பார்க்கும் அதிகாரி என்று ஒவ்வொருவருக்கும் எது தெரிந்திருக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்கிறது. மேனேஜர் மட்டும் கள்ள நோட்டுப் பயிற்சிக்குப் போய் வந்தால் போதுமா? நோட்டு முதலில் வருவது கேஷியர் கைக்கு அல்லவா!

நம் தமிழ்நாட்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு வரலாறு உண்டு. 2010-ல் என்.டி.எம்-1 என்ற மரபணு பற்றி உலகத்தையே உலுக்கிய ஆய்வுக் கட்டுரை வந்ததே, அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. கடைசி வரிசை ஊசிகளையே செயலிழக்கச் செய்யும் மரபணு அது. அதற்கு 'புது தில்லி' என்று பெயர் வைத்ததில் நம் நாட்டில் பெரிய கோபம். பெயரைப் பற்றிய சண்டையில் விஷயம் கொஞ்ச நாள் பின்னுக்குப் போனது. பிறகு 2012 ஆகஸ்ட் 24 அன்று சென்னையில் பல மருத்துவச் சங்கங்கள் ஒன்றாகக் கூடி, 'சென்னைப் பிரகடனம்' என்று ஒன்றை உருவாக்கின. அதை ஒருங்கிணைத்தவர் தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர். மருத்துவப் படிப்பிலேயே ஆன்டிபயாடிக் பயன்பாட்டையும் தொற்றுக் கட்டுப்பாட்டையும் பலமாகச் சேர்க்க வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. குறையே இல்லாத திட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல், நடைமுறைக்கு வரக்கூடியதை முதலில் செய்வோம் என்பது அதன் போக்கு. சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய நமக்கு அந்தப் போக்கின் அருமை தெரியும்.

அதன் பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்கிறேன். 2014 மார்ச் 1 முதல் 'ஹெச்-1' அட்டவணை அமலுக்கு வந்தது. செஃபிக்ஸிம் உள்பட 24 ஆன்டிபயாடிக்குகள் அதில் உண்டு. இவற்றை விற்றால் எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2016-ல் சிவப்புக் கோடு பிரசாரம்: அட்டையில் நெட்டுக்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 2017-ல் தேசியச் செயல்திட்டம். 2018-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாற்றி எழுதப்பட்டு 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்தது. காரணத்தோடு, பிழையில்லாமல், படிக்கும்படியாகச் சீட்டு எழுதி, அதை நோயாளிக்கு விளக்கிச் சொல்லவும் தெரிய வேண்டும் என்பது அதில் ஒரு தனித் தகுதி. 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநர் மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஆன்டிபயாடிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் கட்டாயம் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இப்போது என் கணக்கு. 2019-ல் சேர்ந்தவர்கள் இப்போதுதான் டாக்டராக வெளியே வருகிறார்கள். அதற்கு முன் படித்து முடித்தவர்கள்தான் இன்று நம்மைப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர். அவர்களுக்கு? 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளில், ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. எந்தத் தலைப்பில் என்று அந்த விதி சொல்லவில்லை. அந்த முப்பதில் இரண்டே இரண்டு மணி நேரத்தை ஆன்டிபயாடிக்குக்கு என்று ஒதுக்கிக் கட்டாயமாக்கினால் என்ன? அந்தப் பகுதியில் எந்தக் கிருமிக்கு எந்த மருந்து வேலை செய்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு வருடமும் சின்ன கிளினிக் வரைக்கும் கொண்டு சேர்த்தால் என்ன? தங்கத்தின் அன்றைய விலை தெரியாமல் எந்த நகைக்கடன் அதிகாரியும் கடன் கொடுப்பதில்லையே.

நாட்டில் 20 பெரிய மருத்துவமனைகளில் 2021-22-ல் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. உள்நோயாளிகளில் 71.9 சதவீதம் பேருக்கு ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்தது. அதில் பாதிக்கு மேல், தொற்று வந்துவிடாமல் இருக்க முன்கூட்டியே கொடுத்தது. கிருமி இன்னதென்று தெரிந்து கொடுத்தது 6 சதவீதம். பெரிய மருத்துவமனையிலேயே இப்படி என்றால் சின்ன ஊர் டாக்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

எனக்குப் பழக்கமான ஒரு டாக்டர் சொன்னார்: "சார், வைரஸ் காய்ச்சல், மூணு நாள் ஓய்வெடுங்க, கஞ்சி குடிங்கன்னு சொன்னா, என்ன டாக்டர் ஒரு ஊசிகூடப் போடலைன்னு முகம் சுண்டிப் போயிடுது. அடுத்த தடவை வேற இடத்துக்குப் போயிடறாங்க." சளி, தும்மல், சாதாரண இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. ஆனால் நம் குடலில் சும்மா இருக்கிற பாக்டீரியாக்களுக்கு அது நன்றாகப் பாடம் எடுத்துவிட்டுப் போகும். ஆக, டாக்டருக்குப் பயிற்சி வேண்டும் என்று கேட்கிற நமக்கும் ஒரு பயிற்சி பாக்கி இருக்கிறது.

மாடு வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை டாக்டர் சொன்ன நாள் வரை சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. நஷ்டம்தான், தெரியும். கோழி, மாடு போன்றவற்றுக்கு கொலிஸ்டின் கொடுப்பதை 2019-லேயே அரசு தடை செய்துவிட்டது. இதைத் தனியாக ஒரு கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுப் பேசச் சொல்ல வேண்டும்.

கூட்டத்தில் நான் இந்த இடத்துக்கு வந்தபோது பின் வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்து கேட்டார்: "ஐயா, நீங்க பென்ஷன் வாங்கறீங்க. தினக்கூலிக்குப் போறவன் ஒரு நாள் வேலையை விட்டுட்டு, டாக்டருக்கு முந்நூறு கொடுத்து, சோதனைக்கு ஆயிரம் கொடுத்து, மூணு நாள் காத்திருக்க முடியுமா? கடையில அறுபது ரூபாய்க்கு மாத்திரை கிடைக்குது." சபையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எனக்கும் பதில் சட்டென்று வரவில்லை. அவர் சொன்னது நியாயம். நான்கூட அந்த அறுபது ரூபாய்க்காகத்தான் கடைக்குப் போனேன், அதுவும் கையில் சம்பளம் இருந்தும்.

அன்று சொல்ல முடிந்தது இதுதான். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கிக் கொடுக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995 முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வைத்து நடத்துகிற முறையை வெளிநாட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் வேலைக்குப் போகிறவர் வீடு திரும்பும் நேரத்தில் அங்கே டாக்டர் இருக்க வேண்டும். மாலை நேரத்திலும் புறநோயாளிகளைப் பார்க்க ஏற்பாடு செய்யக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். வரைவு செயலாளரிடம் இருக்கிறது. அந்தத் தம்பியின் கையெழுத்து அதில் முதலாவதாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். போட்டுவிட்டார்.

கேரளத்தில் 2024 ஜனவரியில் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளில் திடீர்ச் சோதனை ஆரம்பித்தார்கள். இங்கேயும் வந்தால் நல்லது. வரும் வரை நம் கடைக்காரர்களோடு சண்டை போட வேண்டாம். நான் ஒரு கடையில் போய், "தம்பி, இனிமே நான் சீட்டில்லாம வந்து கேட்டா எனக்குக் கொடுக்காதே" என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதலில் விழித்தார். போன மாதம் தொண்டை வலியோடு போய், பழைய பழக்கத்தில் வாய் தவறிக் கேட்டேன். "நீங்கதானே சார் கொடுக்க வேண்டாம்னீங்க" என்று உப்புப் போட்டு வெந்நீர் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பிவிட்டார். நாலு நாளில் சரியாகிவிட்டது.

டாக்டரிடம் போனால் மரியாதையாகக் கேளுங்கள்: இது பாக்டீரியாவா வைரஸா, இந்தச் சீட்டில் ஆன்டிபயாடிக் எது, எத்தனை நாள், எப்போது திரும்ப வந்து காட்டட்டும். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று எனக்கும் பயம் இருந்தது. இதுவரை ஒருவர்தான் முறைத்தார். எழுதிக் கொடுத்ததை அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீட்டவும் வேண்டாம். ஒவ்வாமை வந்த மருந்தின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

கடைசியாக, அந்த பிஸ்கட் டப்பா இருந்த இடத்தில் இப்போது ஒரு நீள நோட்டு இருக்கிறது. தேதி, யாருக்கு, என்ன தொந்தரவு, மருந்தின் பெயர், எத்தனை நாள், எழுதிய டாக்டர், முடிந்த தேதி என்று ஏழு பத்தி போட்டிருக்கிறேன். எழுதுவது நான், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் மனைவி. மூன்று வருடத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து இரண்டே பதிவுகள். பத்தி எப்படிப் போட்டிருக்கிறேன் என்று பார்க்க விரும்புகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். மனுவில் கையெழுத்துப் போடாதவர்கள் பேனாவோடு வாருங்கள். செயலாளரிடம் ஒரு பிரதி, என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது.